புது கம்ப்யூட்டரில் ரப்பர் தேய்க்காதீர்கள்

இந்த மாதத்தில் என் ரிப்பேர் கடைக்கு வந்த ஐந்தாவது ரப்பர் கேஸ் இது. தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவன், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி நாலு நாள்கூட ஆகாத கம்ப்யூட்டரைப் பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தான். "அண்ணே, மொதத் தடவ போட்டா நல்லா வருது. ரீஸ்டார்ட் குடுத்தா ஃபேன் மட்டும் சுத்துது, ஸ்க்ரீன் கறுப்பு. ப்ளக்கப் புடுங்கிப் போட்டா மறுபடி வருது." மதர்போர்டில் ரேம் என்ற மெமரிக்கான மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது.

பவரை நிறுத்தி ரேமைக் கழற்றி, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தேன். ரோஸ் நிறத்தில் துகள்கள். மோந்து பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி வாசனை. அக்கா மகளின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்த ரப்பராம்! "உப்புக் காத்துல பின்னு கறுத்துரும், ரப்பர் போட்டுத் தேய்னு சொன்னாங்கண்ணே."

யார் சொன்னார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்தக் கடற்கரையில் பிரிட்ஜ் ஓடாவிட்டாலும் உப்புக் காற்று, பைக் கிளம்பாவிட்டாலும் உப்புக் காற்று. இல்லை என்று சொல்லவில்லை. கடலைப் பார்த்த வீட்டில் அஞ்சாறு வருஷம் ஓடிய மெஷினைத் திறந்தால் கேபினெட் ஸ்க்ரூ துருவேறி உட்கார்ந்திருக்கும், ரேம் பின்னில் கறை படிந்திருக்கும். அதைத் துடைத்தால் ஓடும், நானே துடைத்திருக்கிறேன். ஆனால் 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்து ஓய வைக்க இதே காற்றுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. தங்கமுலாம் பூசிய புது ரேம் பின்னை நாலே நாளில் தின்றுவிடுமா? கச்சான் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் நடக்காது. ரப்பர் போட்டால் அந்த மெல்லிய முலாம்தான் தேயும். துகள் 288 பின் உள்ள ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்துப் புதுசாக ஒரு நோயை வாங்குகிறீர்கள்.

சரி, அவனுடைய மெஷினில் உண்மையில் என்ன கோளாறு? நாலு ரேம் ஸ்டிக் போட்டிருந்தான். இரண்டு இவன் வாங்கியது, இரண்டு துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. ஒரே கம்பெனி, பெட்டியில் ஒரே 6000 வேகம். பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில், ரேம் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போவும் ஆன். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற செட்டிங்கைப் போட்டால் கிடைக்கிற ஓவர்கிளாக் வேகம், அதாவது வழக்கத்துக்கு மேல் ஏற்றிய வேகம். எல்லா மெஷினிலும் அது ஓடியே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எதையும் தொடாவிட்டால் இவன் போட்ட டிடிஆர்5 ரக ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். அவன் போட்டிருந்த ரைசன் 7000 வரிசை ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் அளவு இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு போட்டால் வெறும் 3600. ஒரே பேர் போட்டிருந்தாலும் தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிக்குள் சிப் வேறாக இருக்கலாம். ரீஸ்டார்ட்டில் மட்டும் மாட்டியதற்குக் காரணம், ரேமோடு ஒத்துப்போகப் போர்டு போட்டுப் பார்க்கும் மெமரி ட்ரெய்னிங் கணக்கில் முந்தையதையே திரும்பப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பதுதான். விளிம்பில் நிற்கிற செட்டிங் அப்போது சறுக்கிவிடும்.

ஸ்லாட்டை ஊதிச் சுத்தம் செய்து, அவனுடைய இரண்டை மட்டும் போட்டு, எக்ஸ்போவை ஆன் செய்து பத்துத் தடவை ரீஸ்டார்ட் கொடுத்தேன். பத்துக்கும் எழுந்தது. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக, ஒரே பெட்டியில் வாங்கியிருக்க வேண்டும். மச்சானிடம் அதை யார் சொல்வது என்று என்னைக் கேட்கிறான்.

உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் பொறுமை. டிடிஆர்5 போட்ட புது மெஷின் முதல் தடவை அந்த மெமரி ட்ரெய்னிங்கை முடித்து எழ நேரம் எடுக்கும். சில போர்டுகளில் பத்து நிமிஷம்கூட ஆகும். கறுப்புத் திரையைப் பார்த்ததும் பதறி பட்டனை அழுத்தாதீர்கள். பாதியில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் மறுபடி அணைப்பீர்கள். ராத்திரி முழுக்க இதே கதைதான். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறமும் வரவில்லையா? பவரை நிறுத்தி, ப்ளக்கை எடுத்து, ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2-இல் போடுங்கள். ப்ராசஸரிலிருந்து எண்ணினால் பெரும்பாலான போர்டுகளில் அது இரண்டாவது ஸ்லாட். ஒரு பக்கம் மட்டும் க்ளிப் உள்ள போர்டில் அடுத்த முனை பாதி உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முனையையும் தனித்தனியாக அழுத்துங்கள். சிமாஸை, அதாவது பயாஸில் சேமித்த செட்டிங்கை, ரீசெட் செய்யுங்கள். எக்ஸ்போ வேண்டாம். அந்த நிலையில் ரீஸ்டார்ட் ஒழுங்காக ஆனால் ஸ்டிக்கும் போர்டும் அநேகமாக நல்லவை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓடவிட்டு, பிறகு இரண்டாவது ஸ்டிக்கை பி2-இல் போட்டு, வேகத்தைக் கடைசியாக ஏற்றுங்கள். 6000-இல் சறுக்கினால் 5600 வையுங்கள். எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. ஒரு சானலில், அதாவது ஏ அல்லது பி ஸ்லாட் ஜோடியில், எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் எழவில்லை என்றால் ரேமைத் திட்டாமல் ப்ராசஸர் சாக்கெட்டைப் பாருங்கள். பின் வளைந்திருக்கும், இல்லையென்றால் கூலர் ஸ்க்ரூவை முறுக்கித் தள்ளியிருப்பீர்கள்.

பயாஸ் புது வெர்ஷன் போட்டாலே பல கேஸ் சரியாகும். ஆனால் யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். நம் ஊர் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? பயாஸை எழுதும்போது கரண்ட் போய்விட்டால் ரேம் பிரச்சினையோடு வந்த மெஷின் செத்த போர்டாகத் திரும்பும்.

கடைக்குக் கொண்டுவருவதானால் கிராபிக்ஸ் கார்டைத் தனியே கழற்றி எடுத்து வாருங்கள். ரேம் பெட்டியும் பில்லும் கூடவே வரட்டும். பின்னைத் தேய்த்திருந்தால் வந்த உடனேயே சொல்லிவிடுங்கள்; டார்ச் அடித்து நானாகக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகிறது.