முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும்

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை ஏற்றும் நாட்டாமைமாருக்கு இந்த விதியை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போகும் லொறி குருநாகல், தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று நின்று நின்று போகிறதென்றால், யாழ்ப்பாணத்துச் சாமான் முதலில் ஏறி உள்ளே போய்விடும். குருநாகல் சாமான் கடைசியில் ஏறிக் கதவோரம் நிற்கும். மாறி ஏற்றிவிட்டால் குருநாகலில் தெருவோரமாக நிறுத்தி, 50 கிலோ சீனி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியதுதான். அந்தச் சுமை மனித முதுகில்தான் விழுகிறது.

பேலியகொடை, வத்தளைப் பக்கத்துப் பெரிய களஞ்சியங்களில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு இதே வேலை நாள் முழுக்க நடக்கிறது. அங்கே இரண்டு மென்பொருள்கள் இருக்கும். எந்தச் சாமான் எந்தத் தட்டில், எத்தனை பெட்டி, எது முதலில் காலாவதியாகும் என்பதைக் களஞ்சிய மென்பொருள் பார்க்கும். தொழிலில் இருப்பவர்கள் அதை டபிள்யூஎம்எஸ் என்பார்கள். எந்த லொறி, எந்தச் சாரதி, எந்த வழி, எத்தனை மணிக்குக் கடை வாசல் என்பதைப் பார்ப்பது போக்குவரத்து மென்பொருள், அதாவது டிஎம்எஸ். பல நிறுவனங்களில் இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியவை. ஒரே கடையின் கணக்கை இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு கொப்பிகளில் எழுதி, ஒருவர் கொப்பியை மற்றவர் பார்க்காமல் இருப்பது போன்ற நிலை இது.

இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிக்கல் இணைப்பில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது.

களஞ்சிய மென்பொருள் தன் போக்கில் விட்டால் என்ன செய்யும்? ஆட்களின் நடையைக் குறைக்கப் பார்க்கும். பத்துக் கடைகள் பிஸ்கட் கேட்டிருந்தால், பிஸ்கட் தட்டுக்கு ஒரே தடவை ஆளை அனுப்பிப் பத்துக் கடைக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லும். அதன் கணக்கில் அது சரிதான். ஆனால் ஏற்றுமேடைக்குச் சாமான் எந்த ஒழுங்கில் வந்து சேர வேண்டும் என்று முடிவு செய்வது லொறியின் வழி. தூரத்துக் கடையின் பெட்டி முதலில் வர வேண்டும், பக்கத்துக் கடையின் பெட்டி கடைசியில். ஆகவே போக்குவரத்து மென்பொருள் முதலில் வழியைப் போட்டு, இறங்கும் வரிசையைத் தலைகீழாக்கிக் களஞ்சியத்துக்குக் கொடுத்தால்தான் எடுக்கும் வேலையே தொடங்க முடியும்.

சரி, வழியை முதலில் போட்டுவிடலாம் என்றால், அதற்கு எடையும் கன அளவும் தெரிய வேண்டும். சீனி ஏற்றும் லொறி எடையால் நிறைந்துவிடும், மேலே பாதி இடம் காலியாகக் கிடக்கும். அப்பளம் ஏற்றும் லொறி இடத்தால் நிறையும், எடை அவ்வளவாக ஏறாது. இரண்டையும் கலந்து ஏற்றுவதில்தான் இலாபம் இருக்கிறது. அந்த எடையும் அளவும் யாரிடம் இருக்கின்றன? களஞ்சியத்திடம். இவர் அவரைக் கேட்காமல் தொடங்க முடியாது, அவர் இவரைக் கேட்காமல் தொடங்க முடியாது.

இந்த வட்டத்தை இரண்டு சுற்றாகப் பேசித்தான் உடைக்கிறார்கள். முதல் சுற்றில், சாமான் பட்டியலில் பதிவாகியுள்ள எடையை வைத்து உத்தேசமாக வழி போடப்படும். பயண இலக்கம், லொறி, இறங்கும் வரிசை, மேடைக்கு வரவேண்டிய நேரம் ஆகியவை களஞ்சியத்துக்குப் போகும். அங்கே எடுக்கும்போது உண்மை வெளிப்படும்: 40 பெட்டி கேட்ட இடத்தில் 32தான் இருக்கும், இரண்டு பெட்டி நசுங்கியிருக்கும். அந்த உண்மைக் கணக்கு திரும்பிப் போனதும் போக்குவரத்து மென்பொருள் திட்டத்தைச் சற்றுத் திருத்தும். காலியான இடத்தில் இன்னொரு கடையின் சாமானைச் சேர்க்கும், அல்லது சிறிய லொறியைப் போடும். அப்புறம் ஒரு நேரம் குறித்து, அதற்குப் பிறகு மாற்றம் இல்லை என்று பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் பாதி ஏற்றிய லொறிக்குப் புதிய வரிசை வந்து நிற்கும்.

இங்கே பட்டியலில் இருக்கும் எடை பிழையாக இருந்தால் எல்லாமே கெட்டுப்போகும். ஒரு பெட்டி 6 கிலோ என்று பதிந்திருக்கிறது, உண்மையில் 9 கிலோ என்று வையுங்கள். 400 பெட்டிக்கு 1,200 கிலோ வித்தியாசம். 5 தொன் லொறிக்கு அது ஏறத்தாழ காற்பங்கு. எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இணைப்பு வேலை தொடங்குமுன் ஒரு தராசையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

வழி போடும் கணக்கும் சின்னக் கணக்கு இல்லை. கொட்டாஞ்சேனையில் தொடங்கி வெள்ளவத்தை வரை 10 கடைகளுக்கு ஒரு வான் போகிறது என்றால், அவற்றை 36,28,800 வரிசைகளில் சுற்றலாம். 15 கடைகள் என்றால் 1.3 இலட்சம் கோடிக்கு மேல். எரிபொருள் நிலையங்களுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் பவுசர்களை எப்படி அனுப்புவது என்று டான்ட்சிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது. 1964இல் கிளார்க்கும் ரைட்டும் சொன்ன உபாயம் எளிமையானது. இரண்டு கடைக்குத் தனித்தனியாகப் போய் வருவதை விட, ஒன்றிலிருந்து நேரே மற்றதற்குப் போனால் எவ்வளவு தூரம் மிச்சம் என்று ஒவ்வொரு சோடிக்கும் பார்த்து, அதிகம் மிச்சமாகும் சோடியிலிருந்து சேர்த்துக்கொண்டே போவது. மிகச் சிறந்த விடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் நல்ல விடை விரைவாகக் கிடைக்கும்.

அந்த மிச்சத்தின் அருமை 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது எல்லோருக்கும் புரிந்தது. எரிபொருள் கியூஆர் அட்டை வந்த தொடக்கத்தில் லொறிக்கு வாரம் 50 லீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறி அதில் 200 கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

அடுத்தது, இரண்டு மென்பொருள்களும் ஒரே பெட்டியைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதற்கு என்ன உறுதி? அதற்கு உலகம் முழுக்க வழக்கில் உள்ளது, பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் 18 இலக்க எண், எஸ்எஸ்சிசி. ஒவ்வொரு பெட்டிக்கும், அல்லது பெட்டிகளை அடுக்கித் தூக்கும் பலகைத் தட்டான பலட்டுக்கும், ஓர் எண். அது பார்கோடாக ஒட்டப்படும். முதல் 17 இலக்கங்களை இடமிருந்து வலமாக 3, 1, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுதான் 18ஆவது இலக்கம். கூட்டுத்தொகை 94 என்றால் கடைசி இலக்கம் 6. யாராவது கையால் அடிக்கும்போது ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் கணக்கு ஒத்துவராது, கருவி உடனே மறுத்துவிடும்.

செய்தி அனுப்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரும்புத் தட்டுகள் நிறைந்த களஞ்சியத்தில் வைஃபை விட்டு விட்டு வரும். "பயணத்தில் 32 பெட்டி ஏறியது" என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரவில்லை. அனுப்பியவர் காத்திருந்து மறுபடி அனுப்புகிறார். வாங்கியவர் 64 பெட்டி என்று எழுதிவிடுவார். இதைத் தடுக்க ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி இலக்கம் கொடுப்பார்கள். அதே இலக்கம் இரண்டாம் தடவை வந்தால், வாங்கும் பக்கம் "கிடைத்தது" என்று மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடாமல் விடும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இதைச் செய்யாத இடங்களில் மாதக் கடைசியில் சாமான் எண்ணும்போது வரும் குழப்பத்துக்கு அளவே இல்லை. அந்தக் குழப்பத்தில் களவுப் பழி யார்மேல் விழும் என்பதும் தெரிந்த கதைதான்.

ஒரு தகவலுக்கு ஒரே சொந்தக்காரர்தான் இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். கையிருப்பு எண்ணிக்கையைக் களஞ்சிய மென்பொருள் மட்டுமே மாற்றலாம். லொறி இலக்கம், வரிசை, வந்துசேரும் நேரம் போக்குவரத்து மென்பொருளுடையவை. விலையும் வாடிக்கையாளர் விபரமும் கணக்குப் பிரிவுக்கு. மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

பெரும்பாலும் கடைசிக்குத் தள்ளிவிடப்படுவது திரும்பி வரும் சாமான். கிளிநொச்சிக் கடைக்காரர் ஆறு பெட்டிப் பால்மாவைத் திகதி கிட்டிவிட்டது என்று திருப்பிவிடுகிறார். சாரதி கைபேசியில் பதிகிறார், அது போக்குவரத்து மென்பொருளுக்குத் தெரியும். அதே நேரத்தில் களஞ்சியத்துக்கும் செய்தி போய், லொறி வந்துசேருமுன்பே அந்த ஆறு பெட்டிக்கும் விற்பனைக்கு ஆகாதவை என்ற தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு வரும் லொறியிலிருந்து இறங்கும் பெட்டிகள் மேடை ஓரத்தில் தங்கி, அடுத்த நாள் காலை நல்ல சாமானோடு சேர்ந்து இன்னொரு கடைக்குப் போய்விடும். புதிதாக இணைப்பு வேலை தொடங்கும் நிறுவனம் சோதனை ஓட்டத்தை இந்த ஆறு பெட்டியிலிருந்தே தொடங்கலாம். வரிசை, எண், செய்தி, சொந்தக்காரர் எல்லாமே அதில் ஒரே தடவையில் சோதனைக்கு வந்துவிடும்.