இழுபட்ட போல்ட்தான் தாங்கும்

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1,300 சி.சி. பெட்ரோல் இன்ஜின் ஒன்றை டர்போ வைத்து, 8,000 ஆர்.பி.எம். வரை போகிற மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறோம். கம்பெனி ஹெட் போல்ட்டின் தலையில் 10.9 என்று இருக்கிறது. லிங்கிச் செட்டித் தெருவில் 12.9 ஆலன் போல்ட் மலிவாகக் கிடைக்கிறது. ஹெட்டுக்கும் கான்ராடுக்கும் அதையே போட்டால் என்ன?"

போடாதீர்கள். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி, கான்ராடு என்பது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற ராடு. 12.9 நல்ல போல்ட்தான். மெஷின் பேஸ், ஜிக், டை என்று நிலையான சுமை வருகிற இடங்களில் நன்றாகவே உழைக்கும். ஆனால் இன்ஜினுக்குள் ஒரு போல்ட் தாங்குவதும் முறிவதும் அது எவ்வளவு வலுவானது என்பதை மட்டும் பொறுத்ததில்லை.

தலையில் உள்ள எண்களை முதலில் முடித்துவிடுவோம். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் இழுவலிமை (முறியுமுன் தாங்கும் இழுப்பு), மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பின்னால் வருகிற 9, அதில் 90 சதவீதம் வரை இழுத்தாலும் போல்ட் பழைய நீளத்துக்கே திரும்பும் என்று சொல்கிறது. ஆக 10.9 என்றால் சுமார் 1,000, 12.9 என்றால் சுமார் 1,200. ரேஸ் இன்ஜினுக்கென்றே ஏ.ஆர்.பி. போன்ற கம்பெனிகள் செய்யும் குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) போல்ட் 1,300-ஐத் தொடும். அதற்கும் மேலான ரகங்கள் 1,500, 1,800 என்று போகின்றன.

பலரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. 8.8 ஆனாலும் 12.9 ஆனாலும் ஒரே விசைக்கு ஒரே அளவுதான் நீளும். எஃகின் விறைப்பு எல்லாத் தரத்திலும் ஏறக்குறைய ஒன்றே. வலுவான போல்ட் தருவதெல்லாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுத்து வைக்கிற வசதியை மட்டும்தான். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விலையுயர்ந்த போல்ட்டை வாங்கிப் பழைய டார்க்கிலேயே (முடுக்கும் முறுக்கு அளவிலேயே) முடுக்கினால், இறுக்கம் பழைய இறுக்கம்தான்.

கான்ராடு போல்ட்டை எது இழுக்கிறது? வெடிப்பு இல்லை. வெடிப்பு ராடை அழுத்தத்தான் செய்யும். இழுப்பது பிஸ்டனின் சொந்த எடை. புகையை வெளியேற்றுகிற எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில், எதிர்த்து அழுத்த வாயு எதுவும் இல்லாத அந்தக் கணத்தில், மேலே பாய்ந்த பிஸ்டனை நிறுத்திக் கீழே இழுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும், ராடின் அடிமுனை வளையத்தின் கீழ்ப்பாதியான பிக் எண்ட் கேப்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களுக்கு. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பாதி எல்லாம் சேர்த்து 550 கிராம், ஸ்ட்ரோக் 75 மி.மீ., ராடு நீளம் 120 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 6,500 ஆர்.பி.எம்.மில் 12.5 கிலோநியூட்டன் வருகிறது. 8,000-இல் 19. வேகம் கால் பங்குகூட ஏறவில்லை, இழுப்பு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிற சுமை இது. அரைக் கிலோ பொருளை நிறுத்த ஏறக்குறைய இரண்டு டன் இழுப்பு, நிமிடத்துக்கு 4,000 முறை. ஒரு போல்ட்டுக்கு 9.5 கிலோநியூட்டன்.

இந்த 9.5-ஐப் போல்ட் முழுதாக உணர்ந்தால் அது சீக்கிரமே முறிந்துவிடும். சரியாக முடுக்கிய போல்ட் அதை முழுதாக உணர்வதே இல்லை. இயந்திரவியலில் இதைவிட அழகான விஷயம் குறைவு என்பது என் எண்ணம்.

காசிமேட்டில் மீன் நிறுக்கிற தொங்கு தராசு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே சுருள்வில். கொக்கியைக் கீழே இழுத்து முள் 10 கிலோவைக் காட்டும்போது, தராசுக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுக் கையை எடுங்கள். முள் 10-லேயே நிற்கும். இப்போது கொக்கியில் 3 கிலோ வஞ்சிரத்தை மாட்டினால் முள் அசையாது. கட்டையை நசுக்கிக்கொண்டிருந்த 10 கிலோ விசை 7 ஆகக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மீனின் எடையை ஏற்றது வில் அல்ல, கட்டையின் மேல் இருந்த அழுத்தம் அதற்கு ஈடுகொடுத்தது. 12 கிலோ மாட்டினால் மட்டுமே கட்டை நழுவி விழும், முள்ளும் 12-க்குப் போகும்.

போல்ட்தான் வில். இறுகிக் கிடக்கும் ராடும் கேப்பும் கட்டை. நிஜத்தில் ராடும் கொஞ்சம் நசுங்கும் என்பதால், சுமையில் ஒரு சிறு பங்கு போல்ட்டுக்கும் போகும். ராடு-கேப் பகுதி போல்ட்டைவிட நான்கு மடங்கு விறைப்பு என்று கொண்டால் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று. 8 மி.மீ. போல்ட்டை 28 கிலோநியூட்டனுக்கு இழுத்து வைத்திருந்தால், 9.5 வந்து இழுக்கும்போது அது 30-ஐக்கூடத் தொடாது. ஏற்ற இறக்கம் 2-க்கும் கீழே. அதே போல்ட் 6 கிலோநியூட்டன் இறுக்கத்தில் மட்டும் இருந்தால், சுமை 7.5-ஐத் தொட்டதும் கேப் ராடை விட்டுப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் முழுக்கப் போல்ட்டின் மேல்தான். 6-க்கும் 9.5-க்கும் நடுவே அல்லாடும். கேப் வாய் திறக்கும்போது போல்ட் வளையவும் செய்யும். மொத்த விசை குறைவாக இருக்கிற இந்தப் போல்ட்தான் முதலில் முறியும். ரயில் அச்சுகள் ஏன் உடைகின்றன என்று 1850-60களில் சோதித்த ஆகஸ்ட் வோலர் கண்டது இதையே. உலோகத்தைக் களைக்க வைப்பது சுமையின் உயரத்தைவிட அதன் ஏற்ற இறக்கம்.

நல்ல ராடு போல்ட்டின் உருவமும் இதிலிருந்து புரியும். நடுவில் இடுப்பு மெலிந்திருப்பது போல்ட்டை இன்னும் நெகிழ வைத்து, சுமையில் அதன் பங்கைக் குறைக்கத்தான். தலைக்கு அடியில் கூர்மூலை இல்லாமல் வளைவாக இருப்பதும், மரையை வெட்டாமல், அதுவும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (சூடாக்கிக் கடினமாக்குவதற்கு) பிறகு, உருளைகளால் அழுத்தி எடுப்பதும் விரிசல் தொடங்குகிற இடங்களைக் காக்கத்தான். நட்டுக்குள் நுழைகிற முதல் மரையே மொத்தச் சுமையில் சுமார் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. லேத்தில் கடைந்த மரையின் அடிக்கோடு அங்கே விரிசலுக்கு வழி திறந்துவிடும். அதனால்தான் தெரிந்த பட்டறையில் நல்ல எஃகு கொடுத்துக் கடைந்து வாங்கிய போல்ட்டும் ராடுக்கு உதவாது.

28 கிலோநியூட்டன் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டார்க் ரென்ச் இதில் அரைகுறை சாட்சி. முடுக்குகிற முயற்சியில் ஏறக்குறைய பாதி தலையடி உராய்விலும், நாற்பது சதவீதம் மரை உராய்விலும் போய், போல்ட்டை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. 10 மி.மீ. போல்ட்டை உலர்ந்த மரையில் 60 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் சுமார் 30 கிலோநியூட்டன் இறுக்கம். உராய்வைக் குறைக்கிற மாலி பேஸ்ட் தடவி அதே 60 வைத்தால் 50 வரை போகலாம். 1.5 பிட்ச் (மரை இடைவெளி, மி.மீ.யில்) 10.9 போல்ட்டின் உத்தரவாத எல்லையே 48. எண்ணெயா, பேஸ்ட்டா, உலர்ந்த மரையா என்று சொல்லாத டார்க் எண்ணால் ஒரு பயனும் இல்லை. போல்ட்டோடு வருகிற பேஸ்ட்டையே தடவி, அந்தத் தாளில் உள்ள எண்ணையே வையுங்கள்.

ராடு போல்ட்டுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. இரண்டு முனையும் எட்டும் என்பதால் நீட்சியை நேரடியாக அளக்கலாம். முடுக்குமுன் மைக்ரோமீட்டரில் நீளத்தைக் குறியுங்கள், முடுக்கிய பின் மறுபடி அளங்கள். 8 மி.மீ. தண்டு, 40 மி.மீ. நீளம், 28 கிலோநியூட்டன் என்றால் நீட்சி 0.11 மி.மீ. கழற்றிய பிறகு பழைய நீளத்துக்கு வராமல் 0.025 மி.மீ.க்கு மேல் மிச்சம் நின்றால் அந்தப் போல்ட்டின் ஆயுள் முடிந்தது. நான்கு ராடின் எட்டுப் போல்ட்டுக்கும் எண் போட்டு ஒரு தாளில் எழுதி வைப்பது இன்ஜினுக்கே ஜாதகம் எழுதுவது போல. இந்த ஜாதகம் பலிக்கும். இன்னொன்று: போல்ட் மாறினால் இறுக்கம் மாறும், இறுக்கம் மாறினால் பிக் எண்ட் துளையின் வட்டமும் மாறும். புதுப் போல்ட்டை முடுக்கிய நிலையிலேயே துளையை அளந்து, தேவைப்பட்டால் ஹோன் செய்த (உரசுகல்லால் தேய்த்து வட்டமாக்கிய) பிறகுதான் பேரிங் ஷெல் போட வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள் பேரிங் பிடித்துப்போய்த் திரும்பி வருவார்கள்.

ஹெட் போல்ட்டின் கதை கொஞ்சம் வேறு. 74 மி.மீ. போரில் (சிலிண்டர் விட்டத்தில்) 70 பார் அழுத்தம் ஹெட்டை 30 கிலோநியூட்டனால் தூக்கும். டர்போ வைத்து 110 பார் ஆனால் 47. சூடேறும்போது அலுமினிய ஹெட் போல்ட்டைவிட அதிகம் விரியும். 100 மி.மீ. தடிமனுக்கு 70 டிகிரி ஏறினால் வித்தியாசம் ஏறக்குறைய 0.08 மி.மீ. அந்த இழுப்பும் போல்ட்டின் மேல்தான். வாசகர் கேட்ட ஆலன் போல்ட் இங்கேதான் சிக்கும். 10 மி.மீ. ஆலன் போல்ட்டின் தலை 16 மி.மீ. துளையைக் கழித்தால் ஹெட்டின் மேல் உட்காருவது சுமார் 106 சதுர மி.மீ. 50 கிலோநியூட்டனை அதில் வைத்தால் 470 மெகாபாஸ்கல், வார்ப்பு அலுமினியம் அமுங்கிவிடும். தலை புதைகிற ஒவ்வொரு நூறில் ஒரு மி.மீ.க்கும் இழுத்து வைத்த நீட்சியில் அவ்வளவு போய்விடும். ஸ்டட்டும் (தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள போல்ட்), 20 மி.மீ. அகலமான ஹார்டு வாஷரும் போட்டால் பரப்பு இரண்டு மடங்கு.

ஸ்டட்டைப் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதியில்) கைவிரலால் மட்டும் திருகி வையுங்கள். முடுக்குவது நட்டைத்தான். பிளாக் மரை சுமையோடு உரசித் தேயாது. துளையை மரை வெட்டும் டேப் கருவியால் சுத்தம் செய்யாதீர்கள், மரை தளர்ந்துவிடும். துளை அடியில் எண்ணெயோ கூலன்ட்டோ நின்றிருந்தால் ஸ்டட் முழுதாக இறங்காது, வலுக்கட்டாயமாகத் திருகினால் அழுத்தம் ஏறிப் பிளாக்கே பிளந்துவிடலாம். காற்றடித்து உலர்த்துங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றாக முடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோணம் வைத்து முடுக்குகிற கம்பெனி போல்ட் பெரும்பாலும் ஒருமுறைக்கு மட்டும்தான், அப்படிப்பட்டதை மறுபடி போடுவது தப்பு.

வட சென்னைக்கே உரிய ஆபத்து ஒன்று. கடற்காற்று பிடித்துத் துருவேறும் என்று 12.9 போல்ட்டை உள்ளூர் ப்ளேட்டிங் கடையில் முலாம் பூசி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிட் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் பிறக்கிற ஹைட்ரஜன் இந்தக் கடின எஃகுக்குள் புகுந்து, முடுக்கி வைத்து இரண்டு நாள் கழித்து, இன்ஜின் ஓடாமலே தலையைத் துண்டாக்கிவிடும். எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து. 1,800 மெகாபாஸ்கல் எல்-19 ரகப் போல்ட்டைக் கைவியர்வை படாமல், எண்ணெயிலேயே வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். எண்ணூர், திருவொற்றியூர் உப்புக்காற்றில் ஷெட் வைத்திருப்பவர்கள் அந்த ரகத்தைத் தொட வேண்டாம். 1,300 முதல் 1,500 வரையிலான போல்ட் இந்த இன்ஜினுக்குத் தாராளம்.

"கைராசி உள்ள மெக்கானிக், ரென்ச் இல்லாமலே சரியாக முடுக்குவார்" என்ற நம்பிக்கையை நாம் விட்டாக வேண்டும். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, இதனால் உண்டு. கைக்குத் தெரிவது உராய்வு மட்டுமே, இறுக்கம் அல்ல. பாடி என்ற பகுதியில் 1960களிலேயே ஹை டென்சைல் போல்ட் தொழிற்சாலை வந்த ஊர் இது. சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிய ஊர் இது. இங்கே ஒரு சிறு பட்டறைக்காரர் பத்துப் போல்ட்டை இழுத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? பாலிடெக்னிக்குகளில் இழுவிசைச் சோதனை இயந்திரம் இருக்கிறது, வருடத்தில் சில நாள் செய்முறைத் தேர்வுக்கு ஓடுகிறது. கொஞ்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒருநாள் பட்டறைகளுக்குத் திறந்துவிட அரசு பணம் ஒதுக்கினால், போலி எண் அடித்த போல்ட்கள் தாமாகவே சந்தையை விட்டுப் போகும்.

ராயபுரம் நண்பருக்குக் கடைசியாக: கழற்றிய பழைய போல்ட்களை முழுசாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். கிரைண்டரில் மரையை ஓர் ஓரமாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் அவை பாலிஷ் ஆகி வேறொருவரின் இன்ஜினுக்குள் போய்விடும்.