லென்ஸ் டப்பாவில் வந்த வினை

மே மாதக் கடைசி வாரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து நாள் போய்வந்த ஒரு பெண், துப்பட்டாவால் பாதி முகத்தை மறைத்தபடி என் அறைக்குள் வந்தார். மூக்கின் இரு ஓரங்களிலும் வாய்க் கடைகளிலும் தோல் வெங்காயச் சருகு போல உரிந்திருந்தது. கண்களைச் சுற்றிச் சிவப்பு. "தண்ணீர் பட்டாலே எரிகிறது டாக்டர். அந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்றார்.

ஊர் மாறி வந்து உடம்புக்கு எது வந்தாலும் தண்ணீர்மேல் பழி போடுவது நம் வழக்கம். பயணத்துக்கு என்னென்ன எடுத்துப்போனீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு கான்டாக்ட் லென்ஸ் டப்பாவை எடுத்து வைத்தார். அவர் லென்ஸ் போடுபவர் இல்லை. பெட்டி அனுப்பாமல் 7 கிலோ கைப்பையோடு மட்டும் போவதால், இடத்தை மிச்சப்படுத்த இணையத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த உபாயம் அது. இடது குழியில் மாய்ஸ்சரைசர், வலது குழியில் முகப்பருவுக்கு நான் எழுதிக்கொடுத்திருந்த டிரெட்டினாயின் கிரீம். இரண்டும் வெள்ளை. இரண்டாம் நாளே எது எது என்று மறந்துவிட்டது. இரவில் பட்டாணி அளவு மட்டும் தடவ வேண்டிய மருந்தை, காலையும் மாலையும் மாய்ஸ்சரைசர் என்று நினைத்து முகம் முழுக்கப் பூசி, வெயிலில் செந்தோசாத் தீவைச் சுற்றியிருக்கிறார். முகம் வறண்டு இழுத்ததால் மேலும் கொஞ்சம் பூசியிருக்கிறார்.

எரிச்சல் பத்து நாளில் தணிந்தது. ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இப்படி ஒரு புண்பாடு வந்தால் அது கருமையை விட்டுவிட்டுத்தான் போகும். அந்தக் கருமை மறைய மாதங்கள் ஆகும்.

விமான நிலையத்தில் எதைப் பிடுங்கிப் போடுவார்கள் என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சிக்கல் வீட்டிலேயே, பெரிய குப்பியிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றும்போதே தொடங்கிவிடுகிறது.

அப்படி மாற்ற வைப்பது, கைப்பைக்கான 100 மில்லி விதி. 2006 ஆகஸ்டில், குளிர்பானப் புட்டிகளில் திரவ வெடிபொருளை நிரப்பி அட்லான்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்க நடந்த சதியை லண்டனில் கண்டுபிடித்த பிறகு வந்தது அது. திரவம், ஜெல், கிரீம், ஸ்பிரே எதுவானாலும் குப்பி ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாமல், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் ஜிப் உறைக்குள் அடங்க வேண்டும். பார்ப்பது குப்பியில் அச்சிட்ட அளவை. 150 மில்லி டியூபில் கடைசிப் பிதுக்கு மட்டுமே இருந்தாலும் அது குப்பைத்தொட்டிக்குத்தான். உறைந்த தேங்காய் எண்ணெய் கல் போல இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. அதுவும் இதே கணக்கில்தான் வரும். மஸ்காராவும் அப்படியே. லிப்ஸ்டிக், சோப்புக் கட்டிக்குக் கேள்வி இல்லை. நலங்கு மாவும் சீயக்காய்த் தூளும் திரவக் கணக்கில் வராது. அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் 350 மில்லி அளவுக்கு மேல் எந்தத் தூளையும் கைப்பையில் வைக்க வேண்டாம், தனியாகச் சோதிப்பார்கள். புதிய ஸ்கேனர் வைத்த சில நிலையங்களில் விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் திரும்பி வரும்போது ஏறுகிற நிலையத்திலும் அப்படி இருக்க வேண்டுமே.

இனி, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதற்கு வருகிறேன். ஃபேஸ்வாஷ், ஷாம்பூ, சாதாரண பாடி லோஷன் ஆகியவற்றைக் கழுவி நன்றாகக் காயவைத்த சின்னக் குப்பிக்கு மாற்றலாம். காயவைப்பதுதான் முக்கியம். உள்ளே தங்கும் ஈரம், கிரீமில் கிருமி வளராமல் இருக்கச் சேர்த்திருக்கும் பொருளை நீர்க்கச் செய்துவிடும். வாய் அகன்ற டப்பாவில் விரலை விட்டுத் தோண்டுவதைவிட, பிதுக்கும் குப்பி நல்லது.

மருந்துக் களிம்புகளை மாற்றவே கூடாது. டிரெட்டினாயினை அலுமினிய டியூபில் அடைப்பது அழகுக்காக அல்ல. வெளிச்சம் பட்டால் அது வீரியம் இழக்கும். வைட்டமின் சி சீரம் காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும். சன்ஸ்கிரீனையும் அதன் சொந்த டியூபிலேயே கொண்டுபோங்கள். இவையெல்லாம் 15, 20, 30, 50 கிராம் அளவுகளில் கடையில் கிடைப்பவைதானே, மாற்ற வேண்டிய தேவையே இல்லை. உண்மையிலேயே லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லென்ஸ் கழுவும் திரவத்தை வேறு குப்பியில் ஊற்றாதீர்கள். கிருமி நீக்கிய திரவம் அது. ஊற்றிய கணமே அந்தத் தகுதி போய்விடும், கண்ணில் புண் வரலாம். சிறிய அளவுக் குப்பியாகவே வாங்குங்கள்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. முகத்துக்கு மாய்ஸ்சரைசர் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு கிராம். ஐந்து நாள், இரு வேளை என்றால் பத்து கிராம். சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம், கழுத்துக்கு ஒரு வேளை அளவு. வெளியில் சுற்றும் நாளில் மூன்று முறை பூசினாலும், முகம், கழுத்துக்கு மட்டும் என்றால் 50 கிராம் டியூப் ஐந்து நாளைக்குப் போதும். இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கைப்பையில் இடமில்லை என்றால் மூன்று சீரங்களில் இரண்டை வீட்டில் விடுங்கள். ஐந்து நாளில் எந்தச் சீரமும் எதையும் சாதித்துவிடப் போவதில்லை.

ஷாம்பூவுக்கு என் யோசனை சிரிப்பாகத் தோன்றலாம்: பெட்டிக்கடை பாக்கெட். கடலூரின் சின்னிகிருஷ்ணன் போன்ற முன்னோடிகள் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றது ஏழை எளியவர்களும் வாங்கட்டும் என்று. இன்றைக்கு அதைவிடப் பொருத்தமான பயணக் குப்பி எனக்குத் தெரியவில்லை. ஒரு குளியலுக்கு ஒன்று; பெயரும் காலாவதித் தேதியும் அதன்மேலேயே இருக்கும்; திரும்பும்போது சுமையும் இல்லை.

குப்பி எதுவானாலும் கழுத்து வரை நிரப்பாமலும், பாதியாக விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலக் குறையும். ஊட்டிக்குப் பேருந்தில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளுமே, அதேதான். குப்பிக்குள் இருக்கும் காற்று விரிந்து கிரீமை வெளியே தள்ளும். மூடுவதற்கு முன் மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள்.

கரப்பான் (எக்சிமா) உள்ள குழந்தையோடு போகிறவர்கள் நிலை வேறு. அந்தக் குழந்தைக்கு உடம்பு முழுக்கப் பூச வாரத்துக்கு 250 கிராமோ அதற்கு மேலோ மாய்ஸ்சரைசர் தேவைப்படலாம். மருந்துகளுக்கு அளவு விதியில் விலக்கு உண்டு என்பதால், குழந்தையின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டை வாங்கிக் கையில் வைத்திருங்கள். மாய்ஸ்சரைசரை மருந்தாக ஏற்பதும் ஏற்காததும் பாதுகாப்புச் சோதனையில் நிற்பவரைப் பொறுத்தது. ஆகவே 100 கிராமுக்கு உட்பட்ட டியூப்களாகப் பிரித்தே வைத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் முடிக்கு டை அடிப்பது, புதுக் கிரீமைத் தொடங்குவது இரண்டையும் தவிருங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தலைகாட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஏதோ ஓர் ஊர் ஹோட்டலில் இருப்பீர்கள்.

அந்தப் பெண் டிசம்பரில் மறுபடி கிளம்பினார். என் மேஜையில் இருந்த காகிதப் பிளாஸ்திரியில் இரண்டு துண்டு கிழித்து, பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதி, டியூபிலும் குப்பியிலும் ஒட்டிக்கொடுத்தேன். "இரவு மட்டும், பட்டாணி அளவு" என்று டிரெட்டினாயின் டியூபில் எழுதியபோது, "அந்த லென்ஸ் டப்பாவை என்ன செய்வது டாக்டர்?" என்று கேட்டார். மோதிரம், கம்மல் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.