ஆப்பிளுக்குக் கொடுக்கும் விலையும் ஆயக்குடிக் கொய்யாவும்

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் ஆப்பிள் வாங்கிச் செல்வது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். அந்த வழக்கம், ஆப்பிள்தான் உடம்பைத் தேற்றும் பழம், கொய்யா வசதியில்லாதவர்கள் தின்பது என்ற எண்ணத்தையும் கூடவே வளர்த்துவிட்டது என்பதை, மதுரையில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரியும் நான் நாள்தோறும் காண்கிறேன். மாத வருமானம் கைக்கும் வாய்க்குமாக இருக்கும் வீடுகளிலும் குழந்தைக்கென்று தினம் ஓர் ஆப்பிள் வாங்குகிறார்கள்.

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அதே எடையுள்ள ஆப்பிளில் அது ஏறத்தாழ 5 மில்லிகிராம்தான். நார்ச்சத்தும் கொய்யாவில் ஏறக்குறைய இரு மடங்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெருந்தோட்டங்களில் இலையுதிர்காலத்தில் பறிக்கப்படும் ஆப்பிள்களில் பெரும்பகுதி, ஆக்சிஜன் மிகவும் குறைக்கப்பட்ட குளிர்கிடங்குகளில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டு, தேவைக்கேற்ப வெளியே எடுக்கப்படுகிறது. ஆகவே சித்திரை வெயிலில் நாம் வாங்கும் பளபளப்பான பழம், முந்தைய ஆண்டில் மரத்தை விட்டு வந்ததாக இருக்கக்கூடும். அதனால் அது கெட்ட பழமாகிவிடாது. ஆப்பிளின் தோலில் பூசும் மெழுகு நஞ்சு என்று வாட்ஸ்அப்பில் அச்சமூட்டுகிறார்களே, அந்தப் பூச்சிலும், கார்னோபா (ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு), அரக்கு போன்ற அனுமதிக்கப்பட்ட வகைகள் உண்டு. என் ஆட்சேபம் நஞ்சைப் பற்றியதன்று. கிடங்குக்கும் கப்பலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் விளைந்து வரும் கொய்யாவைத் தாண்டிப் போகிறோமே என்பதுதான்.

எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்குங்கள் என்று நான் சொல்வதில்லை. பருப்பும் வெங்காயமும் தொலைவிலிருந்து வந்தாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. இழப்பது கீரை. பறித்த கீரையிலுள்ள வைட்டமின் சி வெப்பத்திலும் காலதாமதத்திலும் வேகமாகக் குறைவதால், விடியற்காலையில் அறுத்துக் காலையிலேயே விற்பனைக்கு வரும் கட்டுக்கும், குளிர்பெட்டியில் சில நாள் கிடந்த கட்டுக்கும் சத்தில் வேறுபாடு உண்டு. தக்காளியின் நிலை வேறு: நெடுந்தூரம் செல்ல வேண்டியதைச் செங்காய்ப் பருவத்துக்கு முன்பே பறித்துவிடுவதால், நிறம் ஏறினாலும் மணம் முழுமையாக ஏறுவதில்லை.

1999-இல் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இவற்றுக்கெல்லாம் ஏற்ற இடம். அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே விற்கிறார்கள். ஆனால் உள்ளூர் என்றாலே மருந்தடிக்காதது என்று எண்ணிவிடக் கூடாது. காய்ப்புழுவுக்குப் பயந்து கத்தரிக்கு அடிக்கடி மருந்தடிப்பது இங்கும் வழக்கம்தான். "கடைசியாக மருந்தடித்து எத்தனை நாளாயிற்று, அண்ணே?" என்று தயங்காமல் கேளுங்கள், ஏனெனில் மருந்தடித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் அந்தந்த மருந்துக்கு வரையறுக்கப்பட்டுள்ளன. பல்பொருள் அங்காடியில் இக்கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. பதில் எதுவானாலும், ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பிறகே சமையுங்கள்.

சிறுநீரக நோயால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பவர்களுக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். கொய்யாவில் பொட்டாசியம் மிகுதி என்பதால், மருத்துவரின் அறிவுரைப்படி அளவோடு உண்ணும் ஆப்பிளே அவர்களுக்கு ஏற்றது.