பெயர்ச்சொல்லில் காலம் காட்டும் மொழி

வினை காலம் காட்டும். பெயர் வேற்றுமை ஏற்கும். இது தொல்காப்பியம் வகுத்த எல்லை. 'பெயர்நிலைக் கிளவி காலம் தோன்றா' என்று சொல்லிவிட்டு, வந்தவன், வருபவன் போன்ற வினையடிப் பெயர்களுக்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. புதிதாக ஒரு மொழியை உருவாக்குபவர் இந்த எல்லையைக் கலைத்தால், அதாவது வினைக்குக் காலமே தராமல் அந்த வேலையை வேற்றுமை உருபிடம் ஒப்படைத்தால், மொழி தாங்குமா?

தமிழ் உருபுகளையே வைத்துக் கட்டிப் பார்ப்போம். 'அவன் மீனிலிருந்து பிடி' என்றால் பிடித்தான். 'மீனில் பிடி' என்றால் பிடிக்கிறான். 'மீனுக்குப் பிடி' என்றால் பிடிப்பான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த உருபுகள் அல்ல இவை. விட்டு நீங்கியது இறந்தகாலம், இருக்கும் இடம் நிகழ்காலம், நோக்கிப் போவது எதிர்காலம். இடத்துக்கு உரிய உருபுகள் காலத்துக்கு நகர்வது மொழிகளில் வெகு இயல்பு; 'நேற்றிலிருந்து' என்று நாமும் சொல்கிறோமே.

இயற்கை மொழிகளிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பென்டிங்க் தீவில் பேசப்பட்ட காயர்டில்ட் மொழியில் 'யகுரி' என்றால் மீன். 'பிடித்தேன்' என்னும்போது அது 'யகுரின' ஆகும். அந்த 'ன' நீங்கல் வேற்றுமையின் உருபு. அண்ணனின் வலையால் பிடித்திருந்தால் அண்ணன், வலை ஆகிய சொற்களின் கடைசியிலும் அதே 'ன' வந்து ஒட்டும். வலைக்கு முதலில் கருவிப்பொருள் உருபு, அதன்மேல் காலத்தோடு இயைந்த உருபு. உருபின்மேல் உருபு ஏறும் இந்த அடுக்கு எனக்குப் பெரும் வியப்பு. 'இல்' காலத்துக்குப் போய்விட்டால் 'வீட்டில்' என்பதை எப்படிச் சொல்வது என்ற சிக்கலுக்கும் இதுவே விடை: இடத்துக்கு ஓர் உருபு, காலத்துக்கு இன்னொன்று.

ஆனால் காயர்டில்ட் வினையும் காலம் காட்டும். எழுவாயில் அந்த உருபு ஏறாது. நம் கற்பனை மொழிக்கு வினையின் அந்தத் துணை இல்லை. 'அவன் தூங்கு' என்பதில் செயப்படுபொருளே கிடையாது. அப்போது காலத்தை யார் சுமப்பது? எழுவாய்தான். குயின்ஸ்லாந்தின் பிட்டா-பிட்டா மொழியில் எதிர்காலம் என்றால் எழுவாய்க்கும் தனி உருபு வந்துவிடும். அந்த வழியைப் பின்பற்றினால், நம் மொழியில் எழுவாயைத் தொக்கி நிற்க விட முடியாது. 'தூங்கினான்' என்று தமிழில் ஒரே சொல்லில் முடிவது அங்கே இரண்டு சொல்லாகும்.

இன்னொரு வகையும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பராகுவேயின் குவாரனி மொழியில் வீட்டைக் குறிக்கும் சொல்லோடு 'குவே' சேர்த்தால் முன்பு வீடாக இருந்தது. 'ரா' சேர்த்தால் இனி வீடாகப் போவது. இது வாக்கியத்தின் காலம் அன்று, அந்தப் பொருளுக்கே உரிய காலம். இதைக் காலம் என்று கொள்ளலாமா என்பதில் மொழியியலாளர்களிடையே வாதம் உண்டு. கற்பனை மொழியில் இரண்டுக்கும் இடம் தரலாம். 'முன்பு வீடாக இருந்ததை இடிப்பான்' என்னும்போது பொருளின் காலம் பெயரை ஒட்டி முதலில் வரட்டும், வாக்கியத்தின் காலம் அதற்கு வெளியே நிற்கட்டும்.