கூரைக்குறியின் இரண்டு வேலை

விசைப்பலகையில் 6-க்கு மேலே ஒரு குட்டிக் கூரை உண்டு: ^. ஏபிசி என்னும் இசைக்குறியீட்டில் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, சுரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப். மற்றது, ஒரு சொல்லை மேற்கத்திய இசைத்தாளின் ஐந்து கோடுகளுக்கு மேலே கொண்டுபோய் வைப்பது.

கிறிஸ் வால்ஷா உருவாக்கிய ஏபிசியில் பாட்டு முழுவதும் வெறும் எழுத்துதான்; அதை இசைத்தாளாக மாற்றுவது மென்பொருளின் வேலை. சுரங்களை ஏ முதல் ஜி வரை ஆங்கில எழுத்துகளாகத் தட்டுகிறோம். முன்னால் ^ வந்தால் ஷார்ப், _ வந்தால் அரைப்படி இறக்கும் ஃபிளாட், = வந்தால் ஏற்றமும் இறக்கமும் இல்லாத நேச்சுரல். இரட்டை மேற்கோளுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. அங்கே முதல் குறி இடத்தைச் சொல்கிறது: ^ மேலே, _ கீழே, < இடப்பக்கம், > வலப்பக்கம்.

"^மெல்ல"^எஃப்

எஃப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். மென்பொருள் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. மேற்கோள் திறந்ததால் முதல் கூரை இடத்துக்கு. மேற்கோள் மூடியபின் வரும் கூரை சுரத்துக்கு. வரிசையும் முக்கியம்: முதலில் சொல், அப்புறம் ஷார்ப், கடைசியில் சுரம். ஷார்ப்புக்கும் சுரத்துக்கும் நடுவே சொல்லைச் செருகிவிட்டு, எங்கே தப்பு என்று நான் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன்.

மேற்கோளுக்குள் இடக்குறியை மறந்தாலும் வம்புதான். குறியில்லாத சொல்லை மென்பொருள் கார்ட் பெயர், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின் பெயர், என்றே எடுத்துக்கொள்ளும். பாட்டின் முடிவைக் காட்டும் இத்தாலியச் சொல் 'ஃபீனே' எஃப்பில் தொடங்குகிறது. அதைக் கூரை இல்லாமல் எழுதிவிட்டுச் சுருதியை மாற்றினால், சொல்லின் முதல் எழுத்தும் சேர்ந்து மாறிவிடக்கூடும்!

இதே வேலைக்கு லில்லிபாண்ட் என்ற மென்பொருளும் உண்டு. அதன் போக்கு வேறு. டி மேஜர் என்ற மேற்கத்திய சுரவரிசையில் எஃப்பும் சியும் ஷார்ப். ஏபிசியில் தொடக்கத்திலேயே டி மேஜர் என்று சொல்லிவிட்டால், வெறும் எஃப் போட்டாலே எஃப் ஷார்ப்தான். லில்லிபாண்டிலோ ஒவ்வொரு முறையும் எஃப் ஷார்ப்பை 'ஃபிஸ்' என்று முழுப்பெயர் எழுத வேண்டும். ஏபிசியில் நாம் எழுதுவது தாளில் தெரிவதை. லில்லிபாண்டில் காதில் விழுவதை. தாளில் ஷார்ப் குறி தேவையா என்பதை அதுவே முடிவு செய்கிறது. கட்டாயம் அச்சாக வேண்டுமென்றால் சுரத்துக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி. அடைப்புக்குள் நினைவூட்டலாக வர வேண்டுமென்றால் கேள்விக்குறி. சொல்லும் அங்கே சுரத்துக்குப் பின்னால்தான் வரும்.

கர்நாடக இசைக்காரர்கள் ஏபிசிக்கு வந்தால் காற்புள்ளியிடம் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும். நம் புத்தகங்களில் அது சுரத்தை நீட்டும். ஏபிசியில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடும்.