சாவியைக் கொடுக்கும் முன் மடைக்கு அனுப்பிப் பாருங்கள்

போன வாரம் ஒரு அப்பா என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். மகனுக்கு 17 வயது. "சார், முன்தேதி போட்டு ஒரு எல்.எல்.ஆர். எடுத்துக் குடுங்க, எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல" என்றார். எல்.எல்.ஆர். என்றால் பழகுநர் லைசன்ஸ். மகன் விபத்து பண்ணும் முன்பே அது இருந்ததுபோல் காட்டத்தான் கேட்டார். இந்த வருஷம் இப்படிக் கேட்டு வந்த மூன்றாவது ஆள் அவர். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மூன்று நாளாக அங்கேயே காவல் கிடந்திருக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை பிடிப்பது சிரமம் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டைப் பையனிடம் கொடுத்தனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டார். அவன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். பாதிச் சாலை முழுக்க நெல் காய்கிறது. எதிரே டிராக்டர். ஒதுங்கி நெல்லின் மேல் ஏறியவன், பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்துவிட்டான். நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பையனுக்கு மணிக்கட்டு.

முன்தேதி எல்.எல்.ஆர். என்று ஒன்று கிடையாது. கிடைத்தாலும் 17 வயதுக்காரனுக்கு அந்த பைக்கை ஓட்டக் கொடுக்க மாட்டார்கள். இதைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. "அவன் ஏழாவது படிக்கும்போதே ஓட்டுவான் சார். நல்லா ஓட்டுவான்."

இருபது வருஷத்துக்கு மேலாக வாரம் ஒரு தடவையாவது இதைக் கேட்கிறேன். "ஓட்டத் தெரியும் சார், லைசன்ஸ் மட்டும் வாங்கிக் குடுங்க." ஓட்டத் தெரியும் என்றால் என்ன? கிளட்ச்சை விட்டு வண்டியை நகர்த்துவதும், கியர் மாற்றுவதும், விழாமல் இருப்பதும் களத்துமேட்டில் இரண்டு சாயங்காலத்தில் வந்துவிடும். அதற்கு நான் தேவையே இல்லை. அரசலாற்றங்கரைச் சாலையில் தடுப்புச் சுவர் இல்லாத வளைவில், எதிரே வரும் பஸ் நமக்கு எவ்வளவு இடம் விடும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டுமே, அது வருவதற்கு மாதங்கள் ஆகும். மதகுப் பாலம் ஏறும்போது அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது, அதனால் ஏறும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது தானாக வராது. டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் விளக்கும் இருக்காது, இண்டிகேட்டரும் இருக்காது, டிரைவரின் தோள் அசைவதைப் பார்த்துத்தான் திரும்பப் போகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரியில் நெல்லைச் சுற்றி வைத்த கருங்கல்லும் மேலே மூடிய கறுப்புத் தார்ப்பாயும் ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஓட்டத் தெரிவது.

உண்மையில் ஒன்றும் தெரியாமல் வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சுலபம். ஏழாம் வகுப்பிலிருந்து ஓட்டுகிறவன்தான் கஷ்டம். அவன் கண் முன்சக்கரத்துக்குப் பத்தடி தள்ளித்தான் இருக்கும். கழுத்து திரும்பாது. பைக்கில் கண்ணாடி எங்கே என்று கேட்டால் சீட்டைத் தூக்கி, கழற்றி வைத்ததை எடுத்துக் காட்டுவான். போன மாதம் ஒருவனை நிற்கிற வண்டியில் உட்காரவைத்து, "திரும்பாமல் சொல், உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்றேன். தெரியவில்லை. பின்னால் அவன் தங்கை நின்றிருந்தாள்.

எட்டு போட்டுக் காட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது வண்டி உங்கள் கையில் நிற்கிறதா என்று பார்க்க மட்டும்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 வயதில் லைசன்ஸ் உண்டு, ஆனால் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட அதில் அடங்காது. 2019 செப்டம்பரிலிருந்து, 18 வயதுக்குக் கீழே இருப்பவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாக வைக்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பலாம். சாப்பாடு கொண்டுவரச் சொன்ன அப்பா அதை எப்படிச் சொல்வார்? அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் பணத்தையும் வண்டிக்காரரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. இரண்டு மா அளவு நிலத்தை விற்று அப்படிப் பணம் கட்டிய குடும்பத்தை நான் நேரில் அறிவேன்.

பையன்களை வீட்டிலேயே பூட்டி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் தப்புதான். 18 வயது வரை ஒரு பொறுப்பும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு 150 சி.சி. பைக்கைப் பரிசாக வாங்கிக் கொடுக்கிறீர்கள். மார்க்குக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷம், அப்பா என்னை ராத்திரி மடைக்கு அனுப்பினார். எங்கள் முறை முடிந்ததும் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்ப வேண்டும். தூங்கிவிட்டால் பக்கத்து வயல் காயும், விடிந்தால் சண்டை. முதல் இரண்டு ராத்திரி அப்பா வரப்பில் கூடவே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ராத்திரி டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காவிரிக் கரையில் நம்பிக்கையை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வந்தோம். பைக் விஷயத்தில் மட்டும் அதை ஏன் மறந்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்றைக்கு மடைக்குப் போகும் வேலை பல வீடுகளில் இல்லை. அதனால் லீவு நாளில் பையனோ பெண்ணோ ஒரு சின்ன வேலைக்குப் போகட்டும் என்று நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போன பையனை முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். கையில் கொதிக்கிற சாம்பார் வாளியோடு இரண்டு வரிசைக்கு நடுவே நடந்தவன் அவன். பின்னால் யார் வருகிறார் என்று பார்க்காமல் திரும்ப மாட்டான். நாலு இலை தள்ளி யாருக்கு என்ன வேண்டும் என்று முன்னாலேயே பார்த்துவிடுவான். அந்தக் கண்ணைத்தான் நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுகிறேன்.

வேலைக்கும் வரம்பு உண்டு. 14 வயதுக்குக் கீழே வெளி வேலை கூடவே கூடாது. 14 முதல் 18 வரை பட்டாசு, ரசாயனம் போன்ற ஆபத்தான வேலை கூடாது. ஓய்வு நேரம் உட்பட ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். ராத்திரி 7 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் கூடாது என்கிறது சட்டம். ரிசப்ஷன் பந்தி முடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு மூன்று பேர் ஒரே வண்டியில் தூங்கி வழிந்துகொண்டு வருவதைப் பார்க்கிறேன், நெஞ்சு பதறுகிறது. கேட்டரிங் எடுப்பவர்களே, தயவுசெய்து சின்னப் பையன்களை ராத்திரி வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

சம்பளத்தை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து வயது முடிந்த பிள்ளை தானே நடத்தும் சேமிப்புக் கணக்கை வங்கியில் தொடங்கலாம். பின்னால் வண்டி வரும்போது பெட்ரோல் அந்தப் பணத்தில் போடட்டும். சொந்தப் பணத்தில் பெட்ரோல் போடுகிறவன் வெறுமனே முறுக்கிக்கொண்டு தெருவைச் சுற்ற மாட்டான்.

18 ஆனதும் எல்.எல்.ஆர். எடுங்கள். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளை வீணாக்காதீர்கள். லைசன்ஸ் உள்ள அப்பாவோ அம்மாவோ பின்னால் உட்காருங்கள், வேறு யாரையும் ஏற்றக் கூடாது. இரண்டு பேருக்கும் ஹெல்மெட். முதல் வாரம் தெரு, அப்புறம் ஆற்றங்கரைச் சாலை, கடைசியில் தஞ்சாவூர் பைபாஸ்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் முறையாக எல்.எல்.ஆர். எடுத்து வந்து, சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வீட்டில் மட்டும் "உனக்கு எதுக்கு வண்டி, அண்ணன் கொண்டுபோய் விடுவான்" என்பார்கள். அந்த அண்ணனுக்கு வயது 16! சுவாமிமலைப் பக்கத்தில் ஒரு அப்பா மட்டும் மகளின் பின்னால் முப்பது நாளும் உட்கார்ந்து போனார். லைசன்ஸ் வந்த அன்றைக்குப் பாலத்தடியில் இறங்கிக்கொண்டு, "நீ போம்மா, நான் பஸ்ஸில வர்றேன்" என்றாராம். அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

பிள்ளைகளிடம் இன்றைக்கு ராத்திரியே இதைச் சொல்லிவையுங்கள். தூக்கம் வந்தாலோ, கூட வந்தவன் குடித்திருந்தாலோ, சாலையில் நெல் கிடந்தாலோ, எந்த நேரமானாலும் "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் செய்யலாம். போன் வந்தால் எழுந்து போங்கள். அங்கே வைத்துத் திட்டாதீர்கள், மறுநாள் பேசிக்கொள்ளலாம். ஒரு தடவை திட்டிவிட்டால் அடுத்த தடவை அந்தப் போன் வராது.